ஓட மறுக்கும் டைம்லைன்: வாசகர் கேள்விகளுக்கு ஹட்டனிலிருந்து பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான். படம் எடுத்தது நன்றாக இருக்கிறது, எடிட் பண்ண உட்கார்ந்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. மைக், ட்ரோன் பற்றி எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கேள்விகள் அடுத்த இதழில் வரும். இம்முறை முழுக்க இந்தத் திக்கலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். கலியாண வீடியோ எடுக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. கெமரா 4கே. லெப்டொப் இன்டெல் ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். பிரீமியர் ப்ரோ எடிட்டிங் மென்பொருளில் பிளே பண்ணினால் சத்தம் ஒழுங்காக ஓடுகிறது, படம் மட்டும் நின்று நின்று தாவுகிறது. கடையில் கேட்டால் லெப்டொப்பை மாற்றச் சொல்கிறார்கள். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் தருகிறேன் என்கிறார். எந்த லெப்டொப் வாங்கலாம்?

பதில்: தம்பி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் லெப்டொப் சின்னதுதான், ஆனால் கலியாணம் வெட்ட முடியாத அளவுக்குச் சின்னதில்லை. சிக்கல் கெமரா எழுதித் தரும் ஃபைலில் இருக்கிறது.

வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம். ஒரு எச்.டி. பிரேமில் 1920க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்றால் ஒரு பிரேமுக்கு 60 இலட்சம் பைட்டுக்கு மேல். செக்கனுக்கு 25 பிரேம் வைத்துக் கணக்குப் பாருங்கள், 155 மெகாபைட் வரும். 4கேயில் அது நான்கு மடங்கு. அவ்வளவையும் அப்படியே எழுதச் சாதாரண கார்டால் முடியாது. அதனால் கெமரா அதைச் சுருக்கி எழுதுகிறது. எப்படிச் சுருக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதியும் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கப்பிள்ளை மாதத்தின் முதல் நாள் எல்லாருடைய பெயரையும் முழுதாக எழுதுகிறார். மறுநாள், "நேற்றைப் போலத்தான், மூன்றாம் லயத்து அக்கா மட்டும் வரவில்லை" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த நாள், "நேற்றைப் போலத்தான், இரண்டு பேர் கூட." புத்தகம் மெலிந்துவிடும், காகிதம் மிச்சம். ஆனால் பன்னிரண்டாம் திகதி யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று துரை திடீரென்று கேட்டால்? முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். எச்.264, எச்.265 என்ற இரண்டு சுருக்க முறைகளும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகின்றன. ஒரு முழுப் படம், பிறகு பத்துப் பதினைந்து பிரேமுக்கு மாற்றம் மட்டும். போதாததற்குச் சில பிரேம்கள் "நாளைய பக்கத்தையும் பார்த்துவிட்டு வா" என்று சொல்லும்.

சும்மா ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்க்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை, வரிசையாக வாசித்துக்கொண்டு போகலாம். நாம் அப்படியா பார்க்கிறோம்? தாலி கட்டும் இடத்துக்குத் தாவுகிறோம், பின்னுக்கு இழுக்கிறோம், நடுவில் வெட்டி இன்னொரு கிளிப்பின் நடுப்பகுதியை ஒட்டுகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் லெப்டொப் பழைய பக்கத்துக்குப் போய்க் கூட்டிக் கழித்து வருகிறது. வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும், அந்தப் பிரேமைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகும். சத்தம் சின்னச் சுமை என்பதால் அது தடங்கலில்லாமல் ஓடும். நீங்கள் எழுதிய அறிகுறி இதுவேதான்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, கிளிப்புகளை அடுக்கி வெட்டும் டைம்லைனை ஓட்டுங்கள். சி.பி.யூ. நூறு வீதத்தை முட்டிக்கொண்டு டிஸ்க் சும்மா கிடந்தால் ஃபைலை விரிப்பதில் திணறுகிறது. டிஸ்க் நூறைத் தொட்டால் கதை வேறு, அதைக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். மெமரி நிரம்பி வழிந்தால் 8 ஜிபி போதவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கடைக்குப் போகவே கூடாது.

உங்களுக்கு நான் சொல்லும் வைத்தியம் ப்ரொக்சி. மூல ஃபைல் அப்படியே இருக்க, அதற்குப் பதிலாளாக ஒரு சின்னப் பிரதி செய்து, வெட்டும் வேலையை அந்தப் பிரதியில் செய்வது. பிரீமியரில் 2016 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. புரொஜெக்ட் பெனலில் கிளிப்புகளைத் தெரிவு செய்து, ரைட் கிளிக் செய்து, ப்ரொக்சி, கிரியேட் ப்ரொக்சீஸ். வடிவம் கேட்கும். அங்கே எச்.264 எடுக்காதீர்கள், ப்ரோரெஸ் ப்ரொக்சி அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வகையில் எல்.பி. எடுங்கள். இந்த இரண்டும் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாப் பெயரையும் முழுதாக எழுதும் செக்ரோல். புத்தகம் தடிக்கும், ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கேயே பதில் இருக்கும். அளவு 1280க்கு 720 போதும். 4கேயின் புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்குதான் அது. பிறகு பிரீமியருக்குள் படம் ஓடும் மொனிட்டர் பெட்டிக்குக் கீழே டொக்கிள் ப்ரொக்சீஸ் பொத்தானைக் கொண்டுவந்து அழுத்தி வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

ப்ரொக்சி தயாராக நேரம் எடுக்கும், மறைக்கவில்லை. உங்கள் லெப்டொப்பில் ஒரு கலியாணத்துக்கு ஓர் இரவு போகலாம். சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிட்டுப் படுங்கள். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது பிரீமியர் தானாகவே மூல 4கேக்குத் திரும்பிவிடும், தரம் ஒரு துளியும் குறையாது. எக்ஸ்போர்ட் பெட்டியில் "யூஸ் ப்ரொக்சீஸ்" என்பதில் சரி போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அல்பத்துக்கு எடுத்த போட்டோக்களை அப்படியே டைம்லைனில் போடுகிறீர்களா? 6000க்கு 4000 போட்டோ ஒன்று 2 கோடியே 40 இலட்சம் புள்ளி, 4கே பிரேமைப் போல மூன்று மடங்கு. எச்.டி.யில் கொடுக்கப் போகும் வேலைக்கு அகலத்தை 2500 அளவில் சுருக்கிவிட்டுப் போடுங்கள். எத்தனையோ பேர் வீடியோவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், பாரம் போட்டோவில் இருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் இன்னொரு 8 ஜிபி ரேம், அதற்குப் பிறகு ஓர் எஸ்.எஸ்.டி. லெப்டொப் அதற்கும் பிறகுதான்.

கேள்வி: எடிட் பண்ணும்போது முகங்கள் மங்கலாகத் தெரிகின்றன. கெமராவில் பார்த்தால் கூர்மையாக இருக்கிறது. இப்படியே கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வருவார்கள். (வாசகி, தலவாக்கலை)

பதில்: பயப்பட வேண்டாம் தங்கச்சி. மொனிட்டருக்குக் கீழே 1/2, 1/4 என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும் பாருங்கள். அது நம் கண்ணுக்குக் காட்டும் அளவு மட்டும், எக்ஸ்போர்ட்டை அது தொடாது. ஓட்டத்தை நிறுத்தி, அந்தப் பெட்டியை ஃபுல்லில் வைத்து, படத்தை நூறு வீதத்தில் பாருங்கள். கூர்மை வந்துவிட்டால் கவலையே இல்லை.

அப்போதும் மங்கலாகவே இருந்தால் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் படரும். அலுமாரிக்குள் துணிகளோடு கெமராவை வைக்கிறவர்கள் வீட்டில் இது நிச்சயம். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். நிறம் மாறும் வகைப் பொட்டலம் வாங்கினால் ஈரம் ஏறியதும் கண்ணுக்குத் தெரியும், சூடாக்கிக் காயவைத்துத் திரும்பவும் போடலாம்.

கேள்வி: நீங்கள் முன்பு ஒரு தடவை சொன்னபடி எல்லாவற்றையும் ப்ரோரெஸுக்கு மாற்றினேன். ஒரு கெமரா அருமையாக ஓடுகிறது. மூன்று கெமராவையும் ஒரே நேரத்தில் ஓடும்படி மல்டிகெமில் போட்டால் பழையபடி நிற்கிறது. ஃபைலெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. (வாசகர், பண்டாரவளை)

பதில்: இது எனக்கே நடந்தது. 2012 இல் முதல் தடவையாக, எச்.264 முறையில் எழுதும் ஏ.வி.சி.எச்.டி. கெமராக்களில் ஒரு கலியாணம் எடுத்தோம், நோர்வூட் பக்கம். அதுவரை டேப். எடியஸ் எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் படம் திக்கியது. கொம்பியூட்டர் பழசு என்று முடிவு கட்டி, சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்துப் புதிது வாங்கினேன். புதிதிலும் அதே திக்கல், கொஞ்சம் குறைவாக. பெண் வீட்டார் நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்டியில் அந்த நாளில் எடிட் பண்ணிக்கொண்டிருந்த ஒரு மூத்தவர்தான் தொலைபேசியில், "அதைக் கெனோபஸ் எச்.க்யூ.வுக்கு மாற்றிவிட்டு வெட்டு, பிள்ளை" என்று ஒரு வரியில் முடித்தார். அதுவும் ப்ரோரெஸ் போல ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதும் வடிவம். மாற்றினேன், வெண்ணெய் போல ஓடியது. இரண்டாம் நாள் மூன்று கெமராவையும் ஒன்றாகப் போட்டேன். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும்.

காரணம் இதுதான். எச்.264 ஃபைல் மெலிந்தது, விரிக்கத்தான் கஷ்டம். ப்ரோரெஸ் போன்றவை விரிக்கச் சுகம், ஆனால் தடித்தவை. ஏ.வி.சி.எச்.டி. அந்த நாளில் செக்கனுக்கு 24 மெகாபிட் வரை. எட்டால் வகுத்தால் 3 மெகாபைட். ப்ரோரெஸ் 422, எச்.டி., 25 பிரேம் என்றால் 122 மெகாபிட், அதாவது 15 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். மூன்று கெமராவுக்கு 45ஐத் தாண்டும். பழைய யூ.எஸ்.பி. 2.0 துவாரம் எழுத்தில் 480 மெகாபிட். நடைமுறையில் 30, 35 மெகாபைட் தருவதே பெரிய காரியம். ஆக, குழாய் சின்னது. பாரத்தைக் கொம்பியூட்டரின் தலையிலிருந்து இறக்கி டிஸ்க்கின் தலையில் வைத்துவிட்டோம். நான் சீட்டுக் காசைக் கொட்டி வாங்கிய பெட்டியில் பின்பக்கம் இரண்டு யூ.எஸ்.பி. 3.0 துவாரங்கள் இருந்திருக்கின்றன. நான் முன்பக்கத்தில் குத்தியிருந்தேன்.

முதலில் துவாரத்தையும் வயரையும் பாருங்கள். 3.0 துவாரத்துக்குள் பெரும்பாலும் நீல நிற நாக்கு இருக்கும். துவாரம் 3.0 ஆக இருந்து வயர் பழசாக இருந்தாலும் 2.0 வேகம்தான் வரும். அது சரியென்றால் டிஸ்க்கின் வகை. சுழலும் டிஸ்க், வரிசையாக வாசித்தால் 80, 100 மெகாபைட் தரும். மூன்று ஃபைலை ஒரே நேரத்தில் கேட்டால் ஊசி அங்குமிங்கும் ஓடி அதில் பாதிகூட வராமல் போகலாம். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட் அளவில் தரும், அதில் ஓடுகிற ஊசியே கிடையாது.

காசு செலவழிக்காத வழியும் இருக்கிறது. முழு ப்ரோரெஸுக்குப் பதில் ப்ரோரெஸ் ப்ரொக்சிக்கு மாற்றுங்கள். அதே எச்.டி. அளவில் 38 மெகாபிட்தான், மூன்று கெமராவுக்கும் சேர்த்து 15 மெகாபைட்டுக்குள் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு 55 ஜிபி பிடித்தது 17 ஜிபியில் அடங்கும். எடுத்த மூல ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், எக்ஸ்போர்ட்டுக்கு அவைதான் வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து விடிய விடிய நடந்தது. நானும் கூட்டாளிகளும் போனில் எடுத்தோம். எடிட்டிங்கில் போட்டால் தொடக்கத்தில் தப்பு மேளம் அடிக்கிற கையும் சத்தமும் ஒன்றாக இருக்கிறது. நாற்பதாவது நிமிடம் வரும்போது கை விழுந்து கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வருகிறது. போன் கெட்டுவிட்டதா? (வாசகர், கொட்டகலை)

பதில்: போன் கெடவில்லை தம்பி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பம் நட்டதிலிருந்து தகனம் வரைக்கும் நீங்கள் எடுத்து வைத்திருந்தால் அது சும்மா ஒரு வீடியோ இல்லை. ரதி புலம்பலைப் பாட்டாகவே பாடத் தெரிந்த வாத்தியார்மார் ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இதை அவசரப்படாமல் ஒழுங்காகச் செய்வோம்.

கெமரா செக்கனுக்கு 25 என்றால் 25 தான் எழுதும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்குவதற்காக எண்ணிக்கையைக் குறைக்கும், பந்தம் கிட்ட வந்ததும் கூட்டும். இரவுக் கூத்தில் இது ஓயாமல் நடக்கும். ஒவ்வொரு பிரேமும் எந்த நேரத்துக்கு உரியது என்று ஃபைலுக்குள் குறிப்பு இருக்கும். போனில் பார்க்கும்போது போன் அந்தக் குறிப்பை மதிக்கிறது, அதனால் அங்கே சரியாகவே தெரியும். எடிட்டிங் மென்பொருள் எல்லாப் பிரேமையும் சம இடைவெளியில் அடுக்கப் பார்க்கிறது. சத்தம் மட்டும் தன் வேகத்தில் ஓடுகிறது. துளித்துளியாகச் சேர்ந்த வித்தியாசம் நாற்பதாவது நிமிடத்தில் கண்ணில் படுகிறது. புதிய பதிப்புகள் இதை ஓரளவு சமாளிக்கும், நீளமான கிளிப்பில் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் பிரேம் ரேட் மோட் என்ற இடத்தில் வேரியபிள் என்று காட்டும். காட்டினால் ஃபைலை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளை எடுங்கள், அதுவும் இலவசம். வீடியோ பகுதியில் பிரேம் ரேட்டை 30 என்று வைத்து, பக்கத்தில் கொன்ஸ்டன்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 16, 18 அளவில் வையுங்கள், எண் குறையக் குறையத் தரம் கூடும். வெளியே வரும் ஃபைலில் தப்பும் கையும் கடைசி வரை ஒன்றாகவே இருக்கும். மூன்று போனின் கிளிப்புகளையும் இப்படி மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டு போங்கள். ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. சத்தத்தை அங்கங்கே வெட்டி இழுத்துப் பொருத்தப் போனால் பாட்டின் தாளம் கெட்டுவிடும்.

எல்லாமே போனில் எடுத்தது என்பதால் டைம்லைனையும் 30 இலேயே வையுங்கள். 25 டைம்லைனில் 30 கிளிப்பைப் போட்டால் ஆறு பிரேமுக்கு ஒன்று கழியும், ஆட்டக்காரர் அடியெடுத்து வைக்கும்போது ஒரு சின்னக் குலுக்கல் தெரியும். அதையும் பலர் "பிளேபேக் சரியில்லை" என்றுதான் எழுதுகிறார்கள். அடுத்த மாசிக்கு, பிரேம் எண்ணிக்கையைப் பூட்டி வைக்கக்கூடிய ஒரு கெமரா செயலியைப் போனில் போட்டு 25 இல் பூட்டுங்கள், ஷட்டர் 1/50. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/50 இல் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், படத்தில் கறுப்புப் பட்டை ஓடாது.

கேள்வி: ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது, அரை மணி நேரத்தில் லெப்டொப் களைத்துவிடுகிறது. மஸ்கெலியாக் குளிரில் சூடு பிடிக்கவும் வாய்ப்பில்லையே? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: அறை குளிர்தான், சிப் குளிரில் இல்லை. நூறு பாகை அளவுக்குப் போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மடியில் லெப்டொப்பை வைத்து வேலை செய்கிறீர்களா? அடியில் காற்று இழுக்கும் துவாரத்தைக் கம்பளி அடைத்துவிடும். ஒரு பலகையில் வையுங்கள், பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்துங்கள். நாலைந்து வருடமான லெப்டொப் என்றால் விசிறியைச் சுத்தம் செய்து, சிப்புக்கு மேலே பூசும் பசையையும் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

பெட்டரியில் ஓட்டினாலும் வேகம் குறையும், வயரைக் குத்தி வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஆனால் 2022 இல் எங்கே குத்துவது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே. அப்போது கையில் முடிக்காத இரண்டு கலியாணம், ஒரு சடங்கு வீடு. கரண்ட் இருக்கும் நேரத்தில் ப்ரொக்சி போடுவேன், இல்லாத நேரத்தில் பெட்டரியில் அந்த ப்ரொக்சியை வைத்து வெட்டுவேன். ப்ரொக்சிக்கு லெப்டொப் அதிகம் உழைக்க வேண்டியதில்லை என்பதால் பெட்டரியும் கூடுதல் நேரம் நின்றது. எக்ஸ்போர்ட்டை நடு இரவுக்கு வைத்தேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

கேள்வி: ஹப்புத்தளையில், லிப்டன் சீட் பக்கம் விடியற்காலை மூடுபனியை எடுத்தேன். நேரில் பால் மாதிரி இருந்தது. டைம்லைனில் பனி படிபடியாக, நில அளவை வரைபடத்துக் கோடு மாதிரித் தெரிகிறது. கீழே தேயிலைச் செடிகள் ஓட்டும்போது கட்டம் கட்டமாக உடைகின்றன. கெமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! மலையகத்தில் படம் எடுக்கிறவர்களுக்கே உரிய தொல்லை இது. வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் கண்டதில்லை.

பனி என்பது வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மிக மெதுவாக இறங்கும் ஒரு சாய்வு. 8 பிட் கெமராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். பனியில் மொத்த வெளிச்ச வித்தியாசமே கொஞ்சம் என்பதால் அந்தக் காட்சி முழுவதும் முப்பது நாற்பது படிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படியும் அகலமான பட்டையாகத் திரையில் விரியும். அதற்கு மேலே நீங்கள் கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டினாலோ பனியை விலக்கிக் காட்டும் டிஹேஸ் போட்டாலோ படிகளுக்கு நடுவில் இடைவெளியை இழுக்கிறீர்கள், கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாக எழுதும் லொக் முறையில் 8 பிட்டில் எடுத்திருந்தால் இன்னும் மோசம். 10 பிட் என்றால் 1024 படி, கோடு அநேகமாகக் கண்ணில் படாது.

தேயிலை இதற்கு நேர் எதிர். ஆயிரக்கணக்கான சின்ன இலை, காற்றில் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு அசையும். செக்ரோல் உதாரணத்தில் சொன்னால், நேற்று வந்தவர் ஒருவர்கூட இன்று இல்லை, எல்லாம் புதுப் பெயர். "நேற்றைப் போலத்தான்" என்று எழுத வழியில்லாமல் கெமரா தன்னிடம் உள்ள பிட்டையெல்லாம் இலைகளில் கொட்டுகிறது, அப்படியும் போதாமல் கட்டம் கட்டமாக உடைகிறது. மேலே பனிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரே பிரேமில் பனியும் தேயிலையும் என்றால் கெமராவுக்கு அதைவிடக் கடினமான சோதனை கிடையாது.

முதலில், நீங்கள் காண்பது உண்மையிலேயே ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளேபேக் 1/4 இல் இருந்தாலும், ப்ரொக்சியில் இருந்தாலும் கோடும் கட்டமும் கூடத் தெரியும். மூல ஃபைலை ஃபுல்லில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். விலை குறைந்த லெப்டொப் திரைகள் சில 6 பிட்டை வைத்துக்கொண்டு 8 பிட் போல நடிப்பவை. அதே ஃபைலை ஒரு நல்ல டீவியில் போட்டுப் பார்த்தால் பாதிக் கோடு காணாமல் போவதும் உண்டு.

ஃபைலிலேயே இருந்தால், நிறம் திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, பனிப் பகுதிக்கு மேலே மிக மெல்லியதாகக் கிரெயின், அதாவது பொடி மணல் போன்ற புள்ளிகள், தூவுங்கள். படிகளின் ஓரம் கலைந்து கண்ணுக்கு மென்மையாகிவிடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது பிட்ரேட்டை, அதாவது செக்கனுக்கு எழுதும் பிட் அளவை, தாராளமாக வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் தூவிய கிரெயினையும் சேர்த்து அது அரைத்துவிடும். கட்டம் கட்டமாக உடைந்த இலைகளை மட்டும் எதனாலும் மீட்க முடியாது, அவை எடுக்கும்போதே தொலைந்தவை. அடுத்த முறை கெமராவின் மெனுவில் உள்ள மிக உயர்ந்த பிட்ரேட்டைத் தெரிவு செய்யுங்கள், லொக் வேண்டாம். காற்று அடங்கியிருக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே தேயிலையை எடுத்து முடித்துவிடுங்கள். கெமராவை மாற்றத்தான் வேண்டும் என்ற நாள் வந்தால் 4கேயா 6கேயா என்று பார்க்க வேண்டாம், 10 பிட் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போது ஒன்றையும் சேர்த்து விசாரியுங்கள். நிற விவரத்தைக் கூடுதலாக எழுதும் 10 பிட் 4:2:2 ஃபைலை விரிக்கப் பழைய சிப்புகளில் தனி வழி கிடையாது. எச்.265 இல் வரும் அந்த வகைக்கு இன்டெல்லில் 11 ஆம் தலைமுறை அளவில்தான் வழி வந்தது. அதுவரை ப்ரொக்சிதான் துணை.

கேள்வி: நான் பதுளையில் ஒரு கோயில் பரிபாலன சபையில் இருக்கிறேன், வயது 71. எங்கள் தேர்த்திருவிழாவை 2008 இல் எச்.டி.வி. டேப்பில் எடுத்து வைத்திருந்தோம். அப்போது கொம்பியூட்டரில் ஏற்றிய ஃபைலைப் பேரன் ஓட்டினான். தேர் அசையும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு. சில இடத்தில் தேர் முன்னுக்கும் பின்னுக்கும் நடுங்குகிறது. டேப் பழுதாகிவிட்டதா, மகள்?

பதில்: டேப் பழுதாகவில்லை ஐயா. அந்த நாளில் ஒரு படத்தை இரண்டு பாதியாகத்தான் எழுதினார்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். செக்கனுக்கு 50 பாதி, சேர்த்தால் 25 முழுப்படம். பழைய குண்டு டீவி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொம்பியூட்டர் இரண்டையும் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறது. இரண்டு பாதிக்கும் நடுவில் தேர் நகர்ந்துவிட்டதால் ஓரம் சீப்புப் பல்லாகிறது. அசையாத கோபுரத்தில் அந்தக் கோடு இருக்காது, பாருங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. எந்தப் பாதி முந்தியது என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கும். எச்.டி.வி. 1080இல் மேல் வரிசை முதலில். அதற்கு முந்திய டி.வி. (DV) வகை டேப்பில் கீழ் வரிசை முதலில். பழைய திருவிழாக்களையும் இதையும் ஒரே டைம்லைனில் போட்டிருந்தால் ஒன்று நிச்சயம் நடுங்கும். பேரனிடம் சொல்லுங்கள்: கிளிப்பின் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் பகுதியில் அப்பர் ஃபீல்ட் ஃபர்ஸ்ட் என்று வைக்கட்டும். அதே இடத்தில் பிக்சல் அஸ்பெக்ட் 1.33 என்று இருக்க வேண்டும். இந்த டேப்பில் அகலம் 1440 தான், இழுத்துத்தான் 1920 ஆகிறது, இழுக்காவிட்டால் சுவாமியும் மெலிந்து தெரிவார். இணையத்தில் ஏற்றுவதற்கென்றால் ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் பாப் என்பதைத் தெரிவு செய்து, பிரேம் ரேட்டை 50 என்று வைத்தால், அந்த 50 பாதியும் 50 முழுப்படமாக விரியும். வடம் இழுக்கும் கைகளின் ஓட்டம் டீவியில் பார்த்தது போலவே வரும்.

அந்தக் காலத்து ஃபைல்களில் அங்கங்கே படம் உறைந்திருந்தால் டேப்பிலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். எச்.டி.வி. ஓடும் கெமரா ஒன்றும், டேப்பை ஏற்றத் தேவையான ஃபயர்வயர் துவாரம் உள்ள ஒரு பழைய கொம்பியூட்டரும் என்னிடம் இன்னும் வேலை செய்கின்றன. டேப்பைக் கடையில் கொடுத்துத் துடைக்கச் சொல்லாதீர்கள், குளிரான இடத்திலிருந்து எடுத்த உடனே ஓட்டவும் வேண்டாம், உறையோடு ஒரு நாள் சாதாரண அறையில் வைத்திருங்கள். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். எத்தனை டேப் என்று பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், பேரனையும் ஒரு வெற்று ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் ஹட்டனுக்கு வாருங்கள். நான் ஏற்றித் தருகிறேன்.